5 பவுனுக்குக் கையெழுத்து போட்ட 15 வயது பையன்... ரக்பி லீக்கின் ‘சென்டர்களின் இளவரசர்’ ஹெரால்டு வாக்ஸ்டாஃப் யார்?

ஆபீஸுக்கு ஒருநாள் லீவு போட்டால் ‘லாஸ் ஆஃப் பே’. சம்பளத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனால், மேட்ச் ஆடப் போனதால் இழந்த அந்த ஒருநாள் கூலியை யார் தருவது என்ற கேள்வியில் ஒரு விளையாட்டே இரண்டாக உடைந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1895-ல் நடந்த கதை இது. உடைந்த இரண்டில் ஒன்று ரக்பி யூனியன். இன்னொன்று ரக்பி லீக்.

இந்த லீக் பக்கத்தில் உருவான முதல் தலைமுறை நட்சத்திரம் ஹெரால்டு வாக்ஸ்டாஃப். சின்ன ஊர் கிளப்பில் ஆட ஆரம்பித்து, 15 வயதில் காசுக்கு ஆடும் வீரராகி, 23 வயதில் தேசிய அணிக்கே கேப்டன் ஆனவர். ஒரே சீசனில் நான்கு கோப்பைகளையும் அள்ளிய அணியின் தலைவர். ஆனால், காசு வாங்கி ஆடியதால் அவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்கி வைத்த ஒரு கூட்டமும் இருந்தது. போர் வந்தபோது மட்டும் அதே கூட்டம் அவரைக் களத்துக்குள் விட்டது. போர் முடிந்ததும் கதவை மறுபடி சாத்திக்கொண்டது.

சண்டை எதற்கு?

19-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் ரக்பியை நிர்வகித்தது ‘ரக்பி ஃபுட்பால் யூனியன்’. அதன் கொள்கை ஒன்றே ஒன்றுதான்: விளையாட்டுக்குக் காசு வாங்கக் கூடாது. எல்லோரும் ‘அமெச்சூர்’ ஆகவே ஆட வேண்டும். கேட்பதற்கு நல்ல கொள்கைதான். வசதியான குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை.

சிக்கல் வட இங்கிலாந்தில்தான். யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளில் ரக்பி ஆடியவர்களில் நிறையப் பேர் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் கம்பளி ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். வாரத்தில் சனிக்கிழமையும் வேலை உண்டு. மேட்ச் நடப்பதும் சனிக்கிழமைதான். வெளியூர் போய் ஆட வேண்டும் என்றால் அன்றைய கூலி போச்சு. அடிபட்டால் அடுத்த வாரக் கூலியும் போச்சு.

அதனால் வடக்கத்தி கிளப்புகள் கேட்டது பெரிய சம்பளம் இல்லை. வேலைக்குப் போகாத நேரத்துக்கான ஈட்டுத்தொகை மட்டும்தான். இதற்கு ‘புரோக்கன் டைம்’ என்று பெயர். 1893-ல் நடந்த பொதுக்கூட்டத்தில் இந்தக் கோரிக்கை தோற்றுப்போனது. இரண்டு வருடம் கழித்து, 1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்தின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்தி கிளப்புகள் கூடின. யூனியனை விட்டு வெளியேறி ‘நார்தர்ன் யூனியன்’ என்ற தனி அமைப்பைத் தொடங்கின. ஒரு நாளைக்கு 6 ஷில்லிங் வரை ஈட்டுத்தொகை தரலாம் என்று முடிவானது. இந்த அமைப்புதான் 1922-ல் ‘ரக்பி ஃபுட்பால் லீக்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

1898-ல் நேரடியாகச் சம்பளம் தரவும் அனுமதி வந்தது. அதிலும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். வீரருக்கு வேறு ஒரு ஒழுங்கான வேலை இருக்க வேண்டும். அதாவது, ரக்பி ஆடியே பிழைக்கக் கூடாது. இந்த நிபந்தனை 1905-ல்தான் நீங்கியது.

பிரிந்து போனவர்கள் ஆட்டத்தையும் மாற்றினார்கள். டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்கு விறுவிறுப்பு வேண்டுமே! பந்து கோட்டுக்கு வெளியே போனால் இரண்டு வரிசையாக நின்று எம்பிப் பிடிக்கும் ‘லைன்-அவுட்’ முறை 1897-ல் போனது. 1906-ல் ஓர் அணிக்கு 15 பேர் என்பது 13 ஆனது. மைதானத்தில் இடம் கூடியது. ஓட்டமும் பாஸும் கூடின. வாக்ஸ்டாஃப் உள்ளே வந்தது சரியாக அந்த வருடத்தில்தான்.

சின்ன ஊர் கிளப்பிலிருந்து...

ஹெரால்டு வாக்ஸ்டாஃப் பிறந்தது 1891 மே 19. ஊர், யார்க்‌ஷயரில் ஹோம்ஃபர்த் அருகே உள்ள அண்டர்பேங்க். மலைச்சரிவில் கம்பளி ஆலைகள் நிறைந்த பகுதி. அங்கே ‘அண்டர்பேங்க் ரேஞ்சர்ஸ்’ என்று ஒரு உள்ளூர் கிளப். இப்படிப்பட்ட சின்ன கிளப்புகள்தான் மொத்த ரக்பி லீக்குக்கும் அடித்தளம். அக்கம்பக்கத்து ஊர்களோடு மோதுவார்கள். அங்கே நன்றாக ஆடும் பையன் மேல் பக்கத்து நகரத்து கிளப்பின் கண் விழும்.

வாக்ஸ்டாஃப் விஷயத்தில் அது சீக்கிரமே நடந்தது. ஹடர்ஸ்ஃபீல்டு கிளப் 5 பவுன் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்தது. 1906 நவம்பர் 10 அன்று பிராம்லி அணிக்கு எதிராக முதல் ஆட்டம். அன்றைக்கு அவருக்கு வயது 15 வருடம் 175 நாள். இன்றைய கணக்கில் பத்தாம் வகுப்புப் பையன். எதிரே நின்றவர்கள் எல்லாம் வளர்ந்த ஆண்கள்.

1909 ஜனவரியில், 17 வயதிலேயே, இங்கிலாந்துக்காக ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆடினார்.

அவர் ஆடிய இடம் ‘சென்டர்’. பந்தை வாங்கி, எதிரணியின் தடுப்பில் ஓட்டை கண்டுபிடித்து, பக்கத்தில் ஓடிவரும் விங்கருக்கு வழி அமைத்துக் கொடுக்கும் வேலை. வாக்ஸ்டாஃப் மின்னல் வேக ஓட்டக்காரர் இல்லை. அவருடைய பலம் மூளை. எப்போது பாஸ் செய்ய வேண்டும், எப்போது கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாஸ் கொடுத்த பிறகும், விதியை மீறாமல் எதிராளியின் பாதையை மறிக்கும் மாதிரி ஓடுவது ஹடர்ஸ்ஃபீல்டு அணியின் ஸ்பெஷல். ‘சென்டர்களின் இளவரசர்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு வந்தது சும்மா இல்லை.

ஒரு சீசனில் நான்கு கோப்பை எப்படி?

அன்றைய சீசன் கொஞ்சம் குழப்பமானது. 1902 முதல் 1905 வரை இரண்டு டிவிஷன்கள் இருந்தன. ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே என்ற ‘புரமோஷன்’ முறை. 1905-ல் அதைக் கைவிட்டு, எல்லா கிளப்பையும் ஒரே பட்டியலில் போட்டார்கள். கிளப்புகள் அதிகம் என்பதால் எல்லோரும் எல்லோரோடும் மோத முடியவில்லை. எனவே பட்டியலின் முதல் நான்கு அணிகள் மட்டும் அரையிறுதி, இறுதி என்று மோதி சாம்பியனை முடிவு செய்யும் முறை 1906-07 சீசனில் வந்தது. இன்றைக்கு ‘பிளே-ஆஃப்’ என்கிறோமே, அதேதான்.

ஆக, யார்க்‌ஷயர் கிளப் ஒன்றின் முன்னால் இருந்தவை நான்கு பரிசுகள்:

1. யார்க்‌ஷயர் லீக்: மாவட்டத்துக்குள் இருக்கும் கிளப்புகளோடு ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியாகக் கணக்கெடுக்கும் பட்டியல்.
2. யார்க்‌ஷயர் கோப்பை: அதே மாவட்ட கிளப்புகளுக்குள் நடக்கும் நாக்-அவுட்.
3. சேலஞ்ச் கோப்பை: மொத்த நார்தர்ன் யூனியனுக்குமான நாக்-அவுட்.
4. சாம்பியன்ஷிப்: முதல் நான்கு இடத்தில் வந்தவர்களுக்குள் நடக்கும் பிளே-ஆஃப்.

இரண்டு பரிசுகள் மாவட்ட அளவில், இரண்டு பரிசுகள் ஒட்டுமொத்தமாக. நான்கையும் ஒரே சீசனில் ஜெயிப்பது என்றால், செப்டம்பரிலிருந்து மே வரை கிட்டத்தட்ட எங்கேயும் சறுக்கக் கூடாது. ரக்பி லீக் வரலாற்றிலேயே இதைச் சாதித்தவை மூன்று அணிகள்தான்: 1907-08-ல் ஹன்ஸ்லெட், 1914-15-ல் வாக்ஸ்டாஃபின் ஹடர்ஸ்ஃபீல்டு, 1927-28-ல் ஸ்விண்டன்.

அந்த ஹடர்ஸ்ஃபீல்டு அணிக்கு ‘எல்லாத் திறமைகளின் அணி’ என்றே பெயர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விங்கர் ஆல்பர்ட் ரோசன்ஃபெல்டு, வேல்ஸ்காரர் பென் கிரோனோ, கம்பர்லாந்திலிருந்து வந்த மல்யுத்த வீரர் டக்ளஸ் கிளார்க் என்று பல ஊர் ஆட்கள். இத்தனை பேரையும் ஒன்றாகக் கட்டி இழுத்தவர் உள்ளூர்க்காரரான வாக்ஸ்டாஃப். 1913-14 சீசனில் ரோசன்ஃபெல்டு 80 ‘டிரை’ அடித்தார். அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டி 80 முறை பந்தைத் தரையில் வைத்தார். ஒரு சீசனில் அதை மிஞ்ச இன்றுவரை ஆள் இல்லை.

எட்டு நாளில் மூன்று டெஸ்ட்

நான்கு கோப்பை சீசனுக்குச் சற்று முன்னால் நடந்த ஒரு மேட்ச்தான் வாக்ஸ்டாஃபை சரித்திரத்தில் நிறுத்தியது.

1914-ல் நார்தர்ன் யூனியன் அணி ஆஸ்திரேலியா போனது. கேப்டன், 23 வயது வாக்ஸ்டாஃப். சிட்னியில் ஜூன் 27 சனிக்கிழமை நடந்த முதல் டெஸ்ட்டில் 23-5 என்று வெற்றி. ஒரே ஒரு நாள் ஓய்வு. ஜூன் 29 திங்கள்கிழமை இரண்டாவது டெஸ்ட்டில் 12-7 என்று தோல்வி. அணியில் பாதிப் பேருக்கு அடி.

மூன்றாவது டெஸ்ட் பிற்பாடு மெல்போர்னில் நடப்பதாகத்தான் திட்டம். ஆனால், டிக்கெட் வசூலைப் பார்த்த ஆஸ்திரேலிய நிர்வாகிகள் அதை உடனே, ஜூலை 4 சனிக்கிழமையே, சிட்னியில் நடத்த வேண்டும் என்றார்கள். இங்கிலாந்து அணியின் மேலாளர் ஜான் கிளிஃபோர்டு எதிர்த்தார். பயன் இல்லை. இங்கிலாந்தில் இருந்த தலைமையும் தந்தி மூலம், ஆடித்தான் ஆக வேண்டும் என்று கட்டளையிட்டது. பல ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருந்தவர்களுக்கு யார் கை உடைந்திருக்கிறது, யார் கால் வீங்கியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

அன்றைக்கு மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது. ஒருவர் அடிபட்டு வெளியேறினால் அணியில் ஒரு ஆள் குறைவு, அவ்வளவுதான். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே விங்கர் ஃபிராங்க் வில்லியம்ஸுக்குக் காலில் அடி. டக்ளஸ் கிளார்க்குக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. பில்லி ஹால் தலையில் அடிபட்டு மயங்க, தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் ஒரு கட்டத்தில் 13 பேருக்கு எதிராக 10 பேர்.

இடைவேளையில் 9-0 என்று முன்னிலை. அதைக் காப்பாற்றினாலே போதும் என்ற நிலைமை. ஆனால் வாக்ஸ்டாஃப் தடுப்பாட்டத்தோடு நிற்கவில்லை. பந்தோடு ஓட்டையில் புகுந்து, விங்கில் நின்ற சிக் ஜான்சனுக்குக் கொடுத்தார். ஜான்சன் உண்மையில் விங்கரே இல்லை. முன்வரிசையில் முட்டி மோதும் ஆட்டக்காரர். ஆள் இல்லாததால் அங்கே நிறுத்தப்பட்டவர். அவர் பந்தைக் கீழே போட்டு, கால்பந்து மாதிரி காலால் தட்டிக்கொண்டே போய் டிரை அடித்துவிட்டார். ஆஸ்திரேலியா கடைசி நேரத்தில் இரண்டு டிரை அடித்தும் பலன் இல்லை. முடிவு 14-6. தொடர் நார்தர்ன் யூனியனுக்கு.

1879-ல் தென்னாப்பிரிக்காவில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில், சின்ன பிரிட்டிஷ் படை ஒன்று பல மடங்கு பெரிய ஜூலு படையைத் தாக்குப்பிடித்தது. அந்தப் பெயரையே இந்த மேட்ச்சுக்கும் வைத்துவிட்டார்கள்: ‘ரோர்க்ஸ் டிரிஃப்ட் டெஸ்ட்’. வீரத்துக்கான பட்டம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால், வசூலுக்காக அடிபட்டவர்களைக் களத்தில் இறக்கிய கதையும் இதற்குள்தான் இருக்கிறது. கூலியை மறுத்தவர்களிடமிருந்து பிரிந்து வந்த அமைப்பிலும், தேதியை முடிவு செய்தவர்கள் ஆடியவர்கள் இல்லை.

போர் திறந்த கதவு

அணி ஊர் திரும்பும் முன்பே முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. போர்க்காலத்தில் விளையாட்டு தேவையா என்ற விவாதத்துக்கு நடுவே 1914-15 சீசன் நடந்தது. யார்க்‌ஷயர் கோப்பை இறுதியில் ஹல் அணியை 31-0, சாம்பியன்ஷிப் இறுதியில் லீட்ஸை 35-2, சேலஞ்ச் கோப்பை இறுதியில் செயின்ட் ஹெலன்ஸை 37-3 என்று நொறுக்கியது ஹடர்ஸ்ஃபீல்டு. யார்க்‌ஷயர் லீக்கும் அவர்களுக்கே. மூன்று இறுதியாட்டங்களில் சேர்த்து 103 புள்ளிகள் எடுத்து, வெறும் 5 புள்ளிகளைத்தான் விட்டுக்கொடுத்தார்கள்.

அதோடு சரி. 1915-ல் போர் முடியும்வரை போட்டிகளையும் வீரர்களின் சம்பளத்தையும் நிறுத்தி வைத்தது நார்தர்ன் யூனியன். வீரர்கள் ராணுவத்துக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். நான்கு கோப்பை அணியின் ஃபிரெட் லாங்ஸ்டாஃப் 1916-ல் பிரான்ஸ் போர்முனையில் இறந்தார். கிளார்க் விஷவாயுவில் சிக்கிக் காயமடைந்தார். வீரத்துக்காக ‘மிலிட்டரி மெடல்’ பெற்றார்.

வாக்ஸ்டாஃப் சேர்ந்தது ராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவில். லண்டன் அருகே குரோவ் பார்க்கில் முகாம். அங்கேதான் வேடிக்கை. ராணுவ முகாம்களுக்கு இடையே நடந்தது ரக்பி யூனியன் ஆட்டம். நார்தர்ன் யூனியனில் ஆடியவர்களோடு ஒரே களத்தில் இறங்குவதே குற்றம் என்று சொல்லி வந்த யூனியன், படையில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்தத் தடையைத் தளர்த்தியது. ஒரே பதுங்குகுழியில் சேர்ந்து சாகலாம், ஒரே மைதானத்தில் சேர்ந்து ஆடக் கூடாது என்று எப்படிச் சொல்வது?

வாக்ஸ்டாஃப், ரோசன்ஃபெல்டு, கிரோனோ, கிளார்க் என்று ஹடர்ஸ்ஃபீல்டுக்காரர்கள் நான்கு பேர் குரோவ் பார்க் அணியில் சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பழக்கமில்லாத 15 பேர் ஆட்டம். ஆனாலும் 1916-17 சீசனில் அந்த அணி ஆயிரத்துக்கும் மேல் புள்ளிகள் குவித்தது. தோற்றது ஒரே ஒரு மேட்ச். எதிரே நின்றவர்களில் பெரிய பெரிய பள்ளி, பல்கலைக்கழகங்களில் பழகிய யூனியன் ஆட்டக்காரர்களும் உண்டு. தொழிலாளர்களின் ஆட்டம் தரம் குறைந்தது என்ற பேச்சுக்கு, அவர்களுடைய விதிகளிலேயே பதில் கிடைத்தது.

பிறகு வாக்ஸ்டாஃப் எகிப்து, பாலஸ்தீனப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்தது. தளர்த்திய தடையை யூனியன் மறுபடி இறுக்கியது. காசு வாங்கிய கை மறுபடியும் தீண்டத்தகாத கை ஆனது.

திரும்பி வந்த கேப்டன்

1919-20-ல் ஹடர்ஸ்ஃபீல்டு மறுபடியும் சேலஞ்ச் கோப்பை, யார்க்‌ஷயர் கோப்பை, யார்க்‌ஷயர் லீக் மூன்றையும் ஜெயித்தது. மிச்சம் ஒன்றுதான்: சாம்பியன்ஷிப் இறுதி. ஆனால் வாக்ஸ்டாஃப் உட்பட அணியின் ஐந்து பேர் அப்போது ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்காகக் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் இல்லாத அணி ஹல்லிடம் 3-2 என்று தோற்றது. ஒரே ஒரு புள்ளி. இரண்டாவது முறை நான்கு கோப்பை என்ற சாதனை கைநழுவிப்போனது.

அந்தச் சுற்றுப்பயணத்துக்கும் வாக்ஸ்டாஃப்தான் கேப்டன். இரண்டு சுற்றுப்பயணங்களுக்குத் தலைமை தாங்கிய முதல் ஆள் அவரே. 1920 தொடரில் ஆஸ்திரேலியா ஜெயித்தது. 1921-22-ல் ஆஸ்திரேலியா இங்கிலாந்து வந்தபோது அவர் தலைமையிலேயே தொடர் மீண்டும் கைக்கு வந்தது.

1925-ல் ஓய்வு. ஹடர்ஸ்ஃபீல்டுக்காக மட்டும் 436 ஆட்டங்கள், 175 டிரை. ஆனால் புகழ் அளவுக்குப் பணம் சேரவில்லை. அந்தத் தலைமுறையில் யாருக்குமே அப்படித்தான். 80 டிரை அடித்த ரோசன்ஃபெல்டு பிற்காலத்தில் ஹடர்ஸ்ஃபீல்டு நகராட்சியில் குப்பை வண்டி ஓட்டினார். வாக்ஸ்டாஃப் பப் நடத்தினார். சில கிளப்புகளுக்குப் பயிற்சியும் கொடுத்தார். விளையாட்டைக் காசாக்கிக் கெடுத்தவர்கள் என்று யூனியன்காரர்கள் குற்றம்சாட்டியது இந்த மாதிரி ஆட்களைத்தான்!

1939 ஜூலை 19 அன்று வாக்ஸ்டாஃப் இறந்தார். வயது 48தான். சில வாரங்களில் இரண்டாம் உலகப் போர் வந்தது. படையில் இருந்த லீக் வீரர்களுக்காக யூனியன் மறுபடியும் தடையைத் தளர்த்தியது. போர் முடிந்ததும் மறுபடியும் இறுக்கியது.

இன்றைக்கு என்ன நிலைமை?

இந்தத் தடை பெரிய நட்சத்திரங்களோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் மைதானத்தில் ஒரு பைசா வாங்காமல் லீக் ஆடியவர்களையும் யூனியன் ‘தொழில்முறை’ ஆட்களாகவே பார்த்தது. அந்த அமெச்சூர் லீக் கிளப்புகள் தங்களுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கியது 1973-ல். இடம், அதே ஹடர்ஸ்ஃபீல்டு. மாவட்ட லீக், கோப்பை, டிவிஷன், புரமோஷன் என்று சின்ன கிளப்புகளின் சீசன் மறுபடி ஒழுங்குக்கு வந்தது. காசு வாங்காத லீக் வீரர்கள் யூனியனும் ஆடலாம் என்ற அனுமதி 1987-ல்தான் கிடைத்தது.

கடைசியில் 1995 ஆகஸ்டில் ரக்பி யூனியனே வீரர்களுக்குச் சம்பளம் தரலாம் என்று அறிவித்தது. ஜார்ஜ் ஹோட்டலில் 6 ஷில்லிங்குக்காகக் கூடிய நாளிலிருந்து சரியாக 100 வருடம். வடக்கத்தி ஆலைத் தொழிலாளிகள் கேட்டதைவிடப் பல மடங்கு பெரிய தொகை இன்றைக்கு யூனியன் வீரர்களின் வங்கிக் கணக்கில் விழுகிறது. அது தவறு என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

1988-ல் பிரிட்டிஷ் ரக்பி லீக்கின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ தொடங்கியபோது முதலில் சேர்க்கப்பட்ட ஒன்பது பேரில் வாக்ஸ்டாஃபும் ஒருவர், ரோசன்ஃபெல்டும் ஒருவர். 1884-ல் தொடங்கிய அண்டர்பேங்க் ரேஞ்சர்ஸ் கிளப் இன்றும் இருக்கிறது. வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கும் ஆட்கள்தான் இன்றும் அங்கே ஆடுகிறார்கள்.